வெள்ளரிக்காயில் தொண்ணூற்றைந்து கிராம் நார்

வகுப்பில் அவளை எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது. கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிடும். சில சமயம் அது வேறு ஏதோ கேள்விக்கான பதிலாக இருக்கும்.

அவள் பக்கத்தில் உட்காரும் பையனின் பட்டப்பெயர் நிதானம். அவன் பென்சில் சீவ ஆரம்பித்தால், சீவி முடிப்பதற்குள் கணக்குப் பாடம் போய் அறிவியல் பாடம் வந்துவிடும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இருவருக்கும் ஒரே பெஞ்சுதான்.

அந்த வாரம் மட்டும் இருவரும் எதிரெதிர் அணி.

காலை இடைவேளையில் பிள்ளைகளுக்குப் பச்சையாக ஒரு காய் நறுக்கிக் கொடுப்பது என்று பள்ளியில் முடிவாகியிருந்தது. கேரட்டா, வெள்ளரிக்காயா என்பதில்தான் இழுபறி.

"ஒரு நாளைக்கு ஒரு காய்தான். ரெண்டு நறுக்க எனக்கென்ன நாலு கையா இருக்கு?" என்று சமையலறை அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

முடிவு செய்யும் வேலையை டீச்சர் ஐந்தாம் வகுப்பிடம் விட்டார். நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. ஒவ்வொரு காயிலும் நூறு கிராமுக்கு எந்தச் சத்து எவ்வளவு என்று அதில் அட்டவணை போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுக் கேரட்டுக்காக நிதானம் பேச வேண்டும். வெள்ளரிக்காய்க்காகக் குருவி. வகுப்பு கை தூக்கித் தேர்ந்தெடுக்கும்.

"ஜெயிக்கிறவங்க இந்த வருஷம் முழுக்க இடைவேளை மணி அடிக்கலாம்," என்றார் டீச்சர்.

குருவி எழுந்தே நின்றுவிட்டாள். சமையலறை வாசலில் தொங்கும் பித்தளை மணி அது. மூன்று வருஷமாக அவளுக்கு அதன்மேல் ஒரு கண்.

நிதானம் ஐந்து நாள் உழைத்தான். பெரிய அட்டையில் ஒரு கேரட் வரைந்தான். வேரில் இருக்கும் மெல்லிய முடிகளைக்கூட விடவில்லை. ஓரத்தில் அட்டவணை எழுதினான். குருவி கடைசி நாள் நூலகம் பூட்டும் நேரத்தில் ஓடினாள். சாவியை ஆட்டிக்கொண்டு நூலகர் நிற்க, நாலே நிமிடத்தில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு ஓடிவந்தாள்.

போட்டி தொடங்கியதும் டீச்சரைத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். "நீங்க பேசிட்டிருங்க, ஓட்டுப் போடும்போது வந்துடறேன்," என்று அவர் போய்விட்டார்.

நிதானம் எழுந்தான்.

"நூறு கிராம் கேரட்ல... நார்ச்சத்து... கிட்டத்தட்ட மூணு கிராம். வெள்ளரிக்காய்ல... அரை கிராம்தான். அப்புறம்... கண்ணுக்கு நல்லதான வைட்டமின் ஏ... கேரட்லதான் நிறைய..."

கடைசி பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விட்டான். அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது.

குருவி துள்ளிக்கொண்டு வந்தாள். "மூணு கிராமாம், மூணு! நூறு கிராம் வெள்ளரிக்காய்ல நார்ச்சத்து எவ்வளவு தெரியுமா? தொண்ணூத்தஞ்சு கிராம்!"

"ஆ!" என்றது வகுப்பு. கொட்டாவி விட்டவன்கூட வாயை மூடினான்.

நிதானம் தன் அட்டையைப் பார்த்தான். குருவியைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான். மெதுவாகக் கை தூக்கினான்.

"எனக்கு... ஒரு... சந்தே..."

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். கைகளை எண்ணினார். வெள்ளரிக்காய்க்கு இருபத்தெட்டு. கேரட்டுக்கு மூன்று. மணி அடித்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள்.

மாலையில் குருவி பையை எடுக்கத் திரும்பி வந்தபோது, நிதானம் தன் அட்டையை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய்! அது உன் கேரட்டுடா!"

"தப்பான கேரட்," என்றான் அவன். "புத்தகத்துல அரைன்னுதான் தெரிஞ்சுது. நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் தப்பாவே தெரிஞ்சிருக்கு. என் கண்ணுலதான் கோளாறு. அம்மாகிட்ட சொல்லிக் கண்ணாடி வாங்கணும்."

"கேரட் கண்ணுக்கு நல்லதுன்னு பேசினவனுக்கே கண்ணாடியா?"

குருவி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"இனிமே நான் எதுலயும் பேசல," என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று மட்டும் வேகமாகவே நடந்தான்.

குருவி கூடையிலிருந்து அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் அப்பா வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பஸ் பழுதுபார்க்கும் பட்டறையில் அவருக்கு வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கருப்பு இருக்கும். குருவி போட்டிக் கதையை மூச்சுவிடாமல் சொன்னாள்.

"எவ்வளவு நாரு?" என்றார் அப்பா.

"தொண்ணூத்தஞ்சு."

"நூறுல தொண்ணூத்தஞ்சா? அப்ப இது வெள்ளரிக்காய் இல்லடா, துடைப்பம். வா, வீட்டைப் பெருக்கிடலாம்."

ஒரு துண்டை எடுத்து மேசைமேல் துடைப்பம் போல இழுத்துக் காட்டினார். அது போன வழியெல்லாம் ஈரக்கோடு.

"பெருக்க மாட்டேங்குதே. மெழுகுது," என்றார்.

குருவி அந்த ஈரக்கோட்டையே பார்த்தாள். அப்புறம் சமையலறைத் தராசை எடுத்தாள். சரியாக நூறு கிராம் வெள்ளரிக்காய் நிறுத்தாள். துருவினாள். ஒரு துணியில் கட்டி டம்ளருக்குமேல் பிடித்துப் பிழிந்தாள். அவள் கை வலித்ததும் அப்பா வாங்கிப் பிழிந்தார். பட்டறைக் கை. டம்ளரில் சளசளவென்று நீர் ஏறியது. துணியைப் பிரித்தால் பச்சையாக ஒரு சின்ன உருண்டை. அதுவும் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

குருவி நோட்டைத் திறந்தாள். முதல் வரி: நார்ச்சத்து – 95. விரலை வைத்துக் கீழே இறங்கினாள். ஐந்தாவது வரி: நார்ச்சத்து – 0.5.

ஒரே காயில் இரண்டு நார்ச்சத்து. நீர்ச்சத்து எங்கேயும் இல்லை.

"அப்பா," என்றாள். "வெள்ளரிக்காய்ல தண்ணியே இல்லைன்னு எழுதி வெச்சிருக்கேன்."

முதல் வரி நீர்ச்சத்து. 'ந' எழுத்துக்குத் தலையில் போட வேண்டிய சுழியை அவசரத்தில் பக்கத்தில் காலாக இழுத்துவிட்டாள். நீர், நாராகிவிட்டது.

அப்பா நோட்டைப் பார்த்தார். சிரிப்பு வந்தது. மகளின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிவிட்டார்.

"அப்ப மணி என்ன ஆகும்?" என்றார்.

"ஏழு ஆகுது."

"நான் கேட்டது அந்த மணி இல்ல."

குருவி நோட்டை மூடினாள்.

யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தத் தடித்த புத்தகத்தை யாரும் திறக்கமாட்டார்கள். அதை ஒழுங்காகப் படித்தவன் ஒருவன்தான். அவனோ தன் கண்ணையே நம்பாமல் கண்ணாடி வாங்கப் போகிறான்.

அவள் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். மடிப்புகளைக் கையால் நீவினாள். போகவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள்.

மறுநாள் காலை பள்ளிக்கு அவள் எடுத்துப்போனவை: ஒரு வெள்ளரிக்காய், துருவி, துணி, டம்ளர், அட்டை. வருகைப் பதிவு முடிந்ததும் எழுந்தாள்.

"டீச்சர், நேத்து நான் சொன்னது தப்பு."

எல்லோர் முன்னாலும் துருவினாள். பிழிந்தாள். டம்ளர் பெஞ்சு பெஞ்சாகச் சுற்றியது. கடைசி பெஞ்சுக்காரன் ஒரு வாய் குடித்தே பார்த்துவிட்டான்.

"தண்ணிதான்," என்று அறிவித்தான். "அப்ப அந்தத் தொண்ணூத்தஞ்சு?"

"அதுதான் இது. நீர்ச்சத்தை நார்ச்சத்துன்னு எழுதிட்டேன். நார் அரை கிராம்தான். தொண்ணூத்தஞ்சு கிராம் நார் இருந்தா அது காய் இல்ல, துடைப்பம்!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "துடைப்பம்! துடைப்பம்!" என்று இரண்டு பேர் கத்தினார்கள். குருவிக்குக் காது சூடானது. ஆனால் நகைச்சுவையை எடுத்துக்கொடுத்தது அவள்தான். அதனால் அவளும் சிரித்துவிட்டாள்.

அப்புறம் அட்டையைப் பிரித்து நிதானத்தின் முன்னால் வைத்தாள்.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. என் கைக்குத்தான் அவசரம்."

நிதானம் அட்டையைத் தடவினான். கேரட்டின் நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. "பரவால்ல," என்றான். "முத்தின கேரட்ல... இப்படித்தான் கோடு விழும்."

மறுபடி ஓட்டு. இந்த முறை கேரட் ஜெயித்தது. மணியும் நிதானத்துக்குப் போனது. குருவி கை தட்டினாள். தட்டும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

நிதானம் கை தூக்கினான்.

"எனக்கு... ஒரு... சந்தேகம்."

வகுப்பு காத்திருந்தது. நடுவில் புகுந்துவிடாமல் இருக்கக் குருவி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை... நமக்கு விளையாட்டு. ஓடிட்டு வந்தா... தாகமா இருக்கும். அன்னைக்கு மட்டும்... தண்ணி நிறைய இருக்கிற காய்தானே... நல்லது?"

டீச்சர் யோசித்தார். "அட, ஆமா!" என்றார்.

"அப்படின்னா... அன்னைக்கு மணியும்... வெள்ளரிக்காய்க்காரங்கதானே அடிக்கணும்?"

குருவி கையை எடுத்தாள். மறுபடி எழுந்தே நின்றுவிட்டாள்.

சமையலறை அக்காவும் ஒப்புக்கொண்டார். "ஒரு நாளைக்கு ஒண்ணுதானே? எந்தக் காயா இருந்தா என்ன? கத்திக்குப் பேதமா தெரியப்போகுது?"

திங்களிலிருந்து நிதானம் மணி அடித்தான். ஓர் அடி. நீண்ட ஓய்வு. இன்னோர் அடி. அவனுடைய மூன்றாவது அடி விழுவதற்குள் பாதிப் பேர் கேரட்டைத் தின்று முடித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மைதானத்தில் ஓடிய களைப்போடு குருவி சமையலறை வாசலுக்குப் பறந்தாள். மணியின் கயிற்றைப் பிடித்தாள். சுவரில் கரும்பலகை. அதில் அக்காவின் கையெழுத்து. ஒரு தடவை படித்தாள். இப்போதெல்லாம் எதையும் இரண்டு தடவை படிப்பது அவள் வழக்கமாகியிருந்தது. இரண்டாவது தடவையும் படித்தாள்.

'இன்று: வெள்ளிக்காய்.'

"அக்கா!" என்று கூப்பிட்டாள். "நமக்கு வெள்ளியெல்லாம் எதுக்கு? வெள்ளரி போதும்!"

அக்கா எட்டிப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு சுண்ணக்கட்டியை நீட்டினார். குருவி விட்டுப்போன எழுத்தைச் சேர்த்துத் திருத்தினாள். இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள்.

அப்புறம் மணியடித்தாள். பள்ளிக்கூடம் முழுக்க ஓடிவந்தது.