ஒலியில்லாமல் பார்த்த பாட்டு

பதினான்காம் ஷாட்டில் ஆட்கள் நாலு பேர், நிழல்கள் ஐந்து.

லோஜினி அதைத் தன் ஷாட் பட்டியலில் எழுதிவிட்டு, தான் எண்ணியதைத் தானே நம்பாமல், வீடியோவைப் பின்னால் இழுத்து மறுபடி எண்ணினாள். வரிசையில் கிட்டாரோடு சஞ்சீவனியும் திவாகரனும், ட்ரம்ஸுக்குப் பின்னால் ஹுதைபா, எல்லோருக்கும் முன்னால் ஒரு பழைய புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி அவளுடைய தம்பி ஜீவன். நாலு பேர்தான். பின்சுவரில் விழுந்திருந்த நிழல்களைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஐந்து. ஐந்தாவது மற்றவற்றைவிடக் குட்டையாக, முதுகில் எதையோ சுமந்து குனிந்தது போல இருந்தது. விளக்கை மாட்டிய கம்பியின் நிழலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

வெளியே குண்டசாலை ஊர் முழுவதும் மழை. மூன்றரை மணிக்கே அறை இருட்டிவிட்டதால் படிக்கட்டுப் பக்கம் இருந்த ஒரே ட்யூப் லைட்டைப் போட்டிருந்தாள்; அது முதுகுக்குப் பின்னால் எரிந்து, மேசைக்கு முன்னாலிருந்த வெள்ளைச் சுவரில் அவளுடைய தலையையும் தோளையும் பெரிதாக வரைந்திருந்தது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம், கீழ்வீட்டில் ரபீகா ஆன்ட்டி வெங்காயம் வதக்கும் மணம், ஈரத்தில் ஊறிய திரைச்சீலையின் பூஞ்சண வாடை எல்லாம் கலந்து, வழக்கமான ஒரு சனிக்கிழமை போலத்தான் இருந்தது.

ராக் வீடியோக்களைப் பிரித்துப் பார்ப்பது அவளுக்குத் தொழில். கண்டி டவுனில் ஒரு தனியார் நிறுவனத்தில் காட்சிமொழி கற்பிக்கிறாள். ஓர் இணைய இதழில், எந்த இசைக்குழு மேடையை எப்படி அமைக்கிறது, வெளிச்சத்தை எங்கிருந்து விடுகிறது, கேமராவை யாருடைய கண்ணாக வைக்கிறது என்று மாதாமாதம் எழுதுகிறாள். முதல் தடவை எதையும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். காதுக்குத் தீனி கிடைத்தால் கண் சோம்பேறியாகிவிடும் என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி, அவர்கள் அதை வைத்தே அவளைக் கேலி செய்யும் அளவுக்கு வந்திருந்தது.

இந்த வீடியோ ஜீவனின் குழுவுடையது. ஹந்தானை மலையில் மூடிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் ஒன்பது நாளைக்கு முன் எடுத்தார்கள். தோட்டத்துப் பெரட்டைத்தான் காட்சியாக அமைத்திருந்தார்கள். விடியற்காலையில் ஆட்கள் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் குரல் கொடுக்க வேண்டும். பாட்டில் கணக்கப்பிள்ளை ஜீவன். அந்த மாடியில் கிடந்த பழைய பெரட்டுப் புத்தகத்திலிருந்து பெயர்களை அவன் கூப்பிடுவான். ஒவ்வொரு பெயருக்கும் ட்ரம்ஸில் ஓர் அடி பதிலாக விழும். எடுத்துவிட்டு வந்த இரவிலிருந்து அவன் தூங்கவில்லை.

"யாரோ பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்கக்கா. பதில் சொல்லிறலாமானு இருக்கு" என்றான் முந்தாநாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. "நீங்கதான் ஒலகத்துல உள்ள வீடியோவ எல்லாம் பிரிச்சு மேயுறீங்களே. இதையும் பாருங்களேன். இதுல என்னமோ ஒண்ணு இருக்கு."

போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படு என்று திட்டினாள். அம்மா போனபோது அவனுக்கு வயது பதினொன்று. அன்றிலிருந்து திட்டுவதும் அவள்தான், ஆக்கிப் போடுவதும் அவள்தான். ஆனால் வீடியோவைப் பார்த்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டாள். இன்று மூன்று மணிக்கு, நீல நிற மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கடைசியாக ஒரு ஷாட் பாக்கி, ஹுதைபாவும் வருகிறான் என்று சொல்லிவிட்டு மலைக்குப் போயிருந்தான்.

அவள் தாளில் அந்த மாடியின் வரைபடத்தைப் போட்டாள். தூண்கள் இங்கே, விளக்கு இங்கே, ஆட்கள் இங்கே. விளக்கு கேமராவுக்குப் பின்னால் இருந்தது. அப்படியானால் ஐந்தாவது நிழல் கேமராவுக்குப் பின்னால் நின்றவருடையது. மனம் லேசானது. படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் விடுகிற பிழைதான். எவன் கேமரா பிடித்தான் என்று கிண்டலாகக் கேட்கலாமென்று ஹுதைபாவுக்குப் போன் எடுத்தாள்.

"யாரும் புடிக்கலயே அக்கா. ஸ்டாண்ட்ல பூட்டி வச்சிட்டு நானும் போய் ட்ரம்ஸ்ல உக்காந்துட்டேன். நாங்க நாலு பேர்தான் போனது."

"கேமரா நகருதே ஹுதைபா. பதினாலாவது ஷாட்லருந்து ஜீவனப் பாத்து முன்னால வந்துக்கிட்டே இருக்கு."

கடைச் சத்தத்துக்கு மேலே ஹுதைபா குரலை உயர்த்தினான்.

"அது ஜீவன் எடிட்ல செஞ்சீக்கிறான் எண்டு நெனச்சேன். அவன் என்னடா எண்டா, நீதானே செஞ்ச எண்டு என்னயே கேட்டான்."

"சரி, ஜீவன்கிட்ட போனக் குடு."

"ஜீவனா? நான் கடுகண்ணாவையில வாப்பாட கடையில நிக்கிறேன் அக்கா. இண்டைக்கு ஷூட் ஒண்டும் இல்லையே."

ஜீவன் மலைக்குப் போனதை லோஜினி சொல்லிவிட்டு வைத்தாள். தம்பிக்கு எடுத்தாள். மணி போகவில்லை. அந்தச் சரிவில் சிக்னல் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு தடவை எடுத்தாள். ஹுதைபா உடனே கிளம்புவதாகச் செய்தி போட்டான். கடுகண்ணாவையிலிருந்து ஹந்தானைக்கு, இந்த மழையில், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. வேறென்ன செய்வதென்றும் தெரியவில்லை. பட்டியலைத் தொடர்ந்தாள்.

நகர்வது ஸூம் அல்ல. ஸூம் என்றால் தூண்களும் ஜீவனும் ஒன்றாகவே பெரிதாவார்கள். இங்கே தூண்கள் விலகின. கேமரா உண்மையிலேயே நடந்திருக்கிறது, ஷாட் மாறும் ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எட்டு முன்னால். உயரமும் மாறியிருந்தது. முதல் பதின்மூன்று ஷாட்களில் கேமராவின் கண்மட்டம் ஜீவனின் தாடையில் வெட்டியது, ஐந்தடி ஸ்டாண்டுக்குச் சரி. பதினாலிலிருந்து அவன் இடுப்புக்கு மேலே வெட்டியது. மூன்றரை அடி. அது குழந்தையின் உயரமாக இருக்கலாம். அல்லது, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி, பாரத்தில் குனிந்து நிற்கும் ஒருத்தியின் கண் உயரமாக இருக்கலாம்.

"மகள், தம்பி வந்திட்டாரா?" கீழே படிக்கட்டடியிலிருந்து ரபீகா ஆன்ட்டி கூப்பிட்டார்.

"இல்ல ஆன்ட்டி, நான் மட்டுந்தான்."

"அப்ப நீங்க நடந்தீங்களா? மேல ஆள் நடமாடுற மாதிரி ஈக்கி. ஒரு மணித்தியாலமா கேக்குது."

அந்த ஒரு மணித்தியாலமும் அவள் கதிரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"நான்தான் ஆன்ட்டி" என்றாள். ஏன் பொய் சொன்னாள் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. பள்ளிவாசலில் அந்தி நேரத்து மஃரிப் பாங்கு கேட்டு முடிந்தது. வெங்காய மணம் போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் வேறொரு மணம் வந்திருந்தது. பச்சையாக, கசப்பாக, வாட்டப் போட்ட கொழுந்தின் மணம்.

அவள் ஒலியைத் திறந்தாள்.

முதலில் கிட்டார். பிறகு ட்ரம்ஸ். பதினான்காம் ஷாட் வந்ததும் ஜீவனின் குரல்: "முத்துலிங்கம்!"

ட்ரம்ஸ் அடி விழவில்லை. "இருக்கேன்" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

"சந்திரிகா!"

"இருக்கேன்."

பெண்குரல். சஞ்சீவனியின் வாய் மூடியிருந்தது. பதில் வந்த நேரத்தில் நாலு பேருடைய வாயும் மூடியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. இருமலோடு ஒன்று, தூக்கக் கலக்கத்தோடு ஒன்று, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே ஒன்று. ஒவ்வொரு குரலுக்கும் சுவரில் ஒரு நிழல் கூடியது. இந்த மூன்று மணி நேரமும் அவள் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது.

நாற்பத்திரண்டாம் ஷாட். புத்தகத்தில் பெயர் தீர்ந்துவிட்டது, பாட்டில் ஓர் அடி மிச்சம் இருந்தது. ஜீவன் நிமிர்ந்து, சிரித்தபடி, வாய்க்கு வந்த பெயரைப் போட்டு நிரப்பினான்.

"ஜீவன்!"

பதில் இல்லை. அவனே கூப்பிட்டு அவனே எப்படிப் பதில் சொல்வான்? பாட்டு அத்தோடு நின்றது.

நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி. நேரம் காட்டும் எண்கள் நின்றுவிட்டன. படம் நிற்கவில்லை.

அதே மாடி. விளக்கில்லை, ஜன்னலில் வடியும் மழை வெளிச்சம் மட்டும். வரிசையில் யாரும் இல்லை. ஜீவன் தனியாக நின்றான். நீல நிற மழைக்கோட்டில். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஜீவன்!"

இது அவன் குரல் இல்லை. அவன் முகம் அந்தக் குரலைக் கேட்டது. ஒன்பது நாளாகச் சோற்றுக்கு முன்னால் அவள் பார்த்த அதே முகம்.

கட். கேமரா ஓர் எட்டு முன்னால்.

பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் லயத்து வீட்டுக்கே தேடி வருவார்கள். லோஜினிக்கு அது தெரியும். ஏழாம் வயதில், தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு காலையில், களத்தில் அம்மாவின் பெயருக்குப் பக்கத்துக் காம்பராக்காரி குரல் கொடுத்தாள். யாரும் தேடி வரவில்லை. ஆனால் குரல் கொடுத்தவள்தான் அம்மாவுக்கு விட்ட தேயிலைச் செடி நிரையையும் பறித்து முடிக்க வேண்டியிருந்தது. பொழுது சாயும்வரை, தன் நிரையோடு அதையும். அதுதான் வழக்கம்.

கட். இன்னும் ஓர் எட்டு. ஜீவனின் முகம் திரை முழுவதும். உதடு பிரிந்தது. பதில் சொல்லப் போகிறான்.

"ஜீவன்!"

"இருக்கேன்!"

கத்தியது லோஜினி. அம்மாவின் குரல் போலவே, களத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி.

மழை நின்றது போல இருந்தது. திரை கறுத்தது.

கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

"அக்கா." மூச்சு வாங்கினான். கீழே ரோட்டில் வண்டி போகும் சத்தம் கேட்டது. "நான் ஏன் இங்க வந்தேன்னே தெரியலக்கா. எறங்கி ஓடி வந்துட்டேன். கூப்பிடுறது நின்னுருச்சு. சத்தியமா நின்னுருச்சு. எனக்குத் தூக்கம் வருதுக்கா."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவள் என்றைக்கும் இருந்ததில்லை. அவ்வளவு பயமாகவும் இருந்ததில்லை.

"ஹுதைபா வந்துக்கிட்டிருக்கான். அவன் வீட்டுக்குப் போ. அங்கயே தூங்கு."

"நம்ம வீட்டுக்கு வாறேனே?"

"வேணாம். இங்க வராத. சாப்பிட்டுட்டுத் தூங்கு."

"அக்கா, ஒங்க பக்கத்துல யாரு?"

அவள் போனை வைத்தாள்.

திரையில் வெளிச்சம் வந்திருந்தது. ஓர் அறை. பூஞ்சணம் பிடித்த திரைச்சீலை. மேசை. மேசைக்கு முன்னால் ஒரு பெண்ணின் முதுகு.

கட். முதுகு கொஞ்சம் பெரிதானது.

படிக்கட்டுப் பக்கத்துப் பலகை ஒன்று முனகியது. கொழுந்து மணம். ஈரச் சாக்கு மணம். மூச்சு, ஒன்றல்ல.

அவளுடைய கைக்குத் தெரிந்தது ஒரே வேலை. பேனாவை எடுத்தாள். எழுதினாள்.

ஷாட் 43. கேமரா உயரம்: மூன்றரை அடி. ஒளி: பின்னாலிருந்து, ட்யூப் லைட். ஆட்கள்: ஒருவர்.

நிழல்கள்:

அதை நிரப்ப, முன்னால் இருந்த சுவரை அவள் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நின்றார்கள். தோளோடு தோளாக. முதுகில் கூடையோடு. சத்தமில்லாமல். நடுவில் ஒரே ஒரு நிழல் மட்டும் உட்கார்ந்திருந்தது. அது அவளுடையது. அது எழுந்தால் வரிசை சரியாகிவிடும்.

கதிரை பின்னால் நகர்ந்தது. அவள் அதைத் தள்ளவில்லை.