மூன்று வீட்டுக்கு ஒரு வயிறு

"நேற்று முந்திரி. நெய் அதிகம். நடை குறைவு" என்று பீடம் சொன்னதும் திருமூர்த்திக்கு முகம் சுருங்கியது. அவர் நேற்று முந்திரியைக் கண்ணாலும் பார்க்கவில்லை. அவர் தின்றது மூன்று பரோட்டாவும் ஒரு பிளேட் சில்லி சிக்கனும். அதுவும் காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

வாசல் கதவில் பதித்திருந்த இலைவிளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு நகர்ந்தது. அதைப் பார்த்த அவர் மனைவி சுபத்ரா நேராகச் சமையலறைக்குப் போனாள். அங்கே வேலைக்காரி வசந்தாமணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எங்க போயிருந்தே?"

"நாத்தனார் மகளுக்குச் சீருங்க."

"போனா முந்திரி கேக் திங்கணும்னு இருக்கா?"

"இலையில வெச்சாங்க. வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்களேங்க."

"அவங்க கோவம் உனக்குப் பெருசு. எங்க வாசல்ல மஞ்சள் எரியறது உனக்குச் சிறுசு. வீட்டுக்காரரோட சண்டை போட்டியா?"

"இல்லீங்க."

"போடாதே. அதுவும் தெரிஞ்சுரும்."

கோவை வடவள்ளிக்கு அப்பால், மலையைப் பார்த்தபடி நிற்கும் 'நல்வனம்' குடியிருப்பில் இது வழக்கமான காலைப் பேச்சுதான். அகநோக்கிப் பீடம் என்பது அரசாங்கம் வைத்த பெயர். பீடம் என்றதும் யாரும் கும்பிட்டுவிட வேண்டாம். கழிப்பறை இருக்கைதான் அது. விழுவதை வாங்கி, கரைத்து, முகர்ந்து, நேற்று என்ன தின்றீர்கள், எவ்வளவு நடந்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், யாரிடம் எரிந்து விழுந்தீர்கள் என்பதுவரை சொல்லிவிடும். கீரை உண், நட, நேரத்துக்கு உறங்கு, சேர்ந்து சாப்பிடு, வீணாக்காதே என்று நல்வாழ்வுச் சட்டம் ஏழு எளிய பழக்கங்களை விதித்திருந்தது. குடும்பத் தலைவர் தினமும் ஒருமுறை பீடத்தில் உட்கார வேண்டும். ஏழும் நடந்திருந்தால் வாசலில் பச்சை இலை. இல்லாவிட்டால் மஞ்சள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் இலையைப் பார்த்தார்கள்.

சட்டம் வந்த முதல் மாதம் ஊரே ஒழுங்காக இருந்தது. இரண்டாம் மாதம் ஊர் வழி கண்டுபிடித்துவிட்டது.

வழி சுலபமானது. பீடம் ஆளை எடையை வைத்துத்தான் அடையாளம் காணும். மரபணுவைப் பார்க்கக் கூடாது, அந்தரங்கம் புனிதமானது என்று நீதிமன்றத்தில் தடை வாங்கியவர்களே நல்வனம் சங்கத்தார்தான். சங்கச் செயலாளர் என்ற முறையில் அந்த வழக்கில் முதல் கையெழுத்து திருமூர்த்தியுடையது. ஆகவே உட்கார்ந்து, பீடம் 'வணக்கம் திருமூர்த்தி அவர்களே' என்றதும் லேசாக எழுந்து, ஒரு டப்பாவைக் கவிழ்த்தால் போதும். டப்பாவில் இருப்பது நல்லதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நல்லது யாரிடம் இருக்கும்? கம்பங்கூழும் முருங்கைக்கீரையும் தவிர வேறு வாங்க வக்கில்லாமல், பஸ்ஸுக்குக் காசில்லாமல் நான்கு கிலோமீட்டர் நடந்து வந்து, படுத்ததும் செத்தவளைப் போலத் தூங்குகிறவளிடம் இருக்கும். ஏழு பழக்கங்களையும் தெரியாமலே கடைப்பிடிப்பவளாக வசந்தாமணி இருந்தாள். ஒரே வயிறு, மூன்று டப்பா. ஒன்று திருமூர்த்திக்கு. ஒன்று பி பிளாக்கில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளருக்கு. ஒன்று சி பிளாக்கில் நாட்டியப் பள்ளி நடத்தும் அம்மாளுக்கு. சில நாள் மூன்றுக்கும் போதாமல் போகும். அப்போது சுபத்ரா பழைய ஐஸ்கிரீம் கரண்டியால் பங்கு பிரித்து, தன் வீட்டுக்கு ஒரு விரல் கூடுதலாக எடுத்துக்கொள்வாள். பிறகு கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வசந்தாமணி குடித்த தம்ளரைத் தனியாக எடுத்து வைப்பாள்.

ஒரு காலத்தில் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டு போவதற்கென்று சில மனிதர்களைப் பிறப்பிலேயே ஒதுக்கி, பின்வாசல் வழியாக வரச் சொன்ன ஊர் இது. இப்போது கொண்டு வரச் சொன்னது. வாசல் மட்டும் மாறவில்லை.

பொருளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. படித்தவர்கள் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. பிள்ளைகள் இருக்கிற வீடு. கீரை என்று வைத்தார்கள். "கீரை வந்துருச்சா?" என்று பி பிளாக்கிலிருந்து போன் வரும். "இன்னிக்குக் கீரை கொஞ்சம் தளர்வா இருக்கு" என்று சுபத்ரா பதில் சொல்வாள். எட்டு மாதம் பேசியதில், அவர்களுக்கே அது கீரைதான் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. 'எளிய பழக்கம், இனிய குடும்பம்' என்று திருமூர்த்தி ஊர் ஊராகப் பேசினார். முதல் பழக்கம் கீரை என்று ஆரம்பிக்கும்போது அவர் குரல் தழுதழுக்கும்.

முந்திரி வந்து மூன்றாவது வாரம் இலை சிவந்தது.

சிவப்பு என்று ஒரு நிறம் இருப்பதையே யாரும் பார்த்ததில்லை. "திருமூர்த்தி அவர்களே, பெருங்குடலில் கட்டி. ஆரம்ப நிலை. மூன்று மாதத்துக்குள் அறுத்து எடுத்தால் முழுக் குணம். எடுக்காவிட்டால் குணமில்லை. ஆஸ்பத்திரித் தேதி உங்கள் போனுக்கு வரும்" என்றது பீடம். கதவு சாத்தியிருந்தாலும் அதன் குரலுக்குக் கம்பீரம் உண்டு. கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த வசந்தாமணியின் கை நின்றது.

திருமூர்த்தி வெளியே வந்தார். முதலில் அவருக்கும் அடிவயிற்றில் சுருக்கென்றது. கையில் காலி டப்பாவைப் பார்த்ததும் சரியாகிவிட்டது.

"ஏனுங்கய்யா, அது என்னுதுங்களே" என்றாள் வசந்தாமணி.

"எது?"

"பீடம் சொல்லுச்சுல்லங்க. அது."

"எதைச் சொல்றே?"

"நீங்க தெனமும் டப்பாவுல வாங்கறது."

"கீரையா?" என்றார் திருமூர்த்தி. கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வசந்தாமணி துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். "ரெண்டு மாசமா ரத்தம் போவுதுங்க. மூலம்னு இருந்தேன். எங்க லைன் வீட்டுல எல்லாத்துக்கும் ஒரே கக்கூஸுங்க, பீடம் கெடையாது. பீடச் சீட்டு இல்லாம எந்த ஆஸ்பத்திரியிலயும் வயித்தைத் தொட மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா போதும். இது அவளுதுதான்னு."

"எழுதினா என்னாகும் தெரியுமா?" என்றாள் சுபத்ரா. "இலையைப் பிடுங்கிட்டுப் போயிருவாங்க. ஞாயித்துக்கிழமை இவருக்கு முன்மாதிரிக் குடும்பம் விருது."

"எழுதலைன்னா நான் செத்துருவனுங்கம்மா."

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. சுபத்ரா பி பிளாக்குக்குப் போன் போட்டாள்.

மூன்று வாசலிலும் ஒரே காலையில் சிவப்பு எரிந்ததால் அன்று மாலை மூன்று வீட்டாரும் சங்க அறையில் கூடினார்கள். இரண்டு மணி நேரம் பேசினார்கள். அதற்குள் ஒருவர்கூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "நம்ம விஷயம்", "அந்தப் பொருள்", "காலை ஏற்பாடு" என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். வங்கி மேலாளர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கில்ல சார்?" என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கடிதம் தயாரானது.

'திருமதி வசந்தாமணி கடந்த எட்டு மாதங்களாக எங்கள் மூன்று இல்லங்களுக்கும் கீரை வழங்கி வந்தவர் என்று சான்றளிக்கிறோம். எங்கள் பீடங்கள் அண்மையில் கண்டறிந்த நிலைக்கும் அவர் வழங்கிய கீரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எனவே ஆவன செய்ய வேண்டுகிறோம்.'

வசந்தாமணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கீரைன்னு போட்டிருக்குதுங்களே. அவங்களுக்குப் புரியுங்களா?"

"படிச்சவங்கம்மா" என்றார் திருமூர்த்தி. "புரிஞ்சுக்குவாங்க."

படித்தவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். கடிதத்தை வாசித்த ஆஸ்பத்திரி டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ஒரே கீரை, மூன்று வீடு, மூன்று கட்டி. இப்படி ஒரு கண்டுபிடிப்பு ஆயுளுக்கு ஒருமுறைதான் வரும். மறுநாள் வசந்தாமணியின் லைன் வீட்டுக்குப் பின்னால் வெள்ளை உடுப்பும் கையுறையுமாக ஏழு பேர் வந்து இறங்கினார்கள். சாக்கடை ஓரமாக அவள் வைத்திருந்த தண்டுக்கீரைப் பாத்தியை அளந்தார்கள், வேலி போட்டார்கள், ஒவ்வொரு செடியையும் வேரோடு எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டு எண் ஒட்டினார்கள். முருங்கை மரத்துக்கு ஊசி போட்டுச் சாறு எடுத்தார்கள்.

"சார், என்னையும் பாருங்க" என்றாள் வசந்தாமணி.

"தள்ளி நில்லுங்கம்மா. மண்ணை மிதிக்காதீங்க."

"கீரையில ஒண்ணுமில்லீங்க சார். அவங்க சொல்ற கீரை வேற. அது என்ற பீயிங்க."

தலைமை ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பீடம் வந்ததிலிருந்து அதன் அறிக்கைகளை மட்டுமே படித்துச் சம்பளம் வாங்குகிறவர் அவர். "பொம்பளை பேசற பேச்சா இது? இத்தனை பேர் நிக்கறோம். நாகரிகம் வேண்டாமா?"

பீடம் கொடுத்த தேதிக்குப் போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போன திருமூர்த்திக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. அறுவை மேசையில் படுக்க வைத்து, மயக்க மருந்து கொடுக்கும் முன் நர்ஸ், "ஏதாவது சொல்லணுமா சார்?" என்று கேட்டாள்.

"அது என்னோடது இல்லை" என்றார் திருமூர்த்தி.

"எது சார்?"

அவர் விளக்கைப் பார்த்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. குழந்தைக்கும் தெரிந்த வார்த்தை. விருது மேடையில் போர்த்திய சால்வை நினைவுக்கு வந்தது. "ஒண்ணுமில்லை" என்றார்.

குழாய் விட்டுப் பார்க்கும் பழைய முறையைப் பீடம் வந்ததும் ஒழித்துவிட்டார்கள். பீடம் சொன்னால் அறுப்பதுதான். இரண்டு அடி குடலை வெட்டி எடுத்தார்கள். பரோட்டா மைதா அங்கங்கே ஒட்டியிருந்ததைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. பி பிளாக்கிலும் சி பிளாக்கிலும் அப்படியே. மூன்று பேரும் கீரையை நிறுத்திய உடனே கட்டி தானாகக் கரைந்துவிட்டது என்று அறிக்கை எழுதினார்கள். அந்த மாதக் கடைசியில் சட்டம் திருத்தப்பட்டது. முதல் பழக்கம்: கீரை தவிர்.

ஊரில் கீரைக்கட்டு விற்றவர்களை வண்டியில் ஏற்றினார்கள். வீட்டு மாடியில் வெந்தயக்கீரை வளர்த்த ஒருவரைப் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். மைதா சங்கம் திருமூர்த்திக்குப் பாராட்டு விழா எடுத்தது. அவர் குடலிலிருந்து வருவதை வாங்க வயிற்றில் மாட்டிய ஒரு பையோடு, வீட்டில் படுத்தபடி, காணொளியில் நன்றி சொன்னார். இனி எத்தனை பரோட்டா வேண்டுமானாலும் தின்னலாம். இலை பச்சையாக எரியும். ஆனால் இரண்டு அடி குறைந்த குடலுக்கு வடிகஞ்சிக்கு மேல் இறங்காது, பீடத்தில் விழவும் ஒன்றுமில்லை. அதனால் சுபத்ரா நல்வனம் காவலாளிக்குத் தினமும் பரோட்டா வாங்கிக் கொடுத்து, காலையில் டப்பா வாங்கிக்கொண்டாள். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

வசந்தாமணி வேலையை விடவில்லை. புடவை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்குக் குத்தியிருந்தாள். பீடம் சொன்ன மூன்று மாதத்தில் ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

அன்று காலை பிளீச்சிங் பவுடரும் பிரஷுமாகக் கழிப்பறைக்குப் போனாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவள் ஒரு நாளும் தாழ் போட்டுக்கொண்டு கழுவியதில்லை.

"வசந்தா, என்ன பண்றே?"

"உக்காந்திருக்கனுங்க."

சுபத்ரா கதவைத் தட்டினாள். "ஏய், எந்திரி. குடும்பத்துல இருக்கறவங்களுக்குத்தான் அது."

"எட்டு மாசமா நான்தானுங்களே உங்க குடும்பம்."

பீடம் விழித்துக்கொண்டது. "வணக்கம். இந்த எடை பதிவில் இல்லை. இந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன உறவு?"

தினமும் கழுவுகிறவளுக்கு அது ஏற்கும் பதில்கள் எல்லாம் மனப்பாடம். வேலைக்காரி என்று சொன்னால் மூடி சாத்திக்கொள்ளும். விருந்தாளி என்றால் வீட்டுக்காரரின் அனுமதி கேட்கும்.

"குடும்பத் தலைவர்" என்றாள்.

படுக்கையறையிலிருந்து திருமூர்த்தி வயிற்றுப் பையைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நடந்து வந்தார். "தண்ணி இணைப்பை நிறுத்து சுபத்ரா. நிறுத்தினா அதால சோதிக்க முடியாது." சுபத்ரா ஓடினாள். குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதையெல்லாம் வசந்தாமணிதான் பார்த்துக்கொள்வாள்.

உள்ளே கரைக்கும் சத்தம், முகரும் சத்தம். பிறகு அந்தக் கம்பீரக் குரல்.

"எட்டு மாதப் பதிவோடு பொருந்துகிறது. குடும்பத் தலைவர் அவர்களே, நீங்கள் முப்பத்தொரு கிலோ இளைத்திருக்கிறீர்கள். கட்டி கரையவில்லை. தேதி நெருங்கிவிட்டது, ஆஸ்பத்திரி வண்டி புறப்பட்டுவிட்டது. எழுந்து நடக்க வேண்டாம். வீட்டில் வேறு யாராவது இருந்தால் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்."

"ரெண்டு பேர் இருக்காங்க" என்றாள் வசந்தாமணி. "சொல்றனுங்க."