கேபிளில் விட்ட வேர்

"அந்தச் சத்தம் ஒனக்கு மட்டும் எப்படி புள்ள கேக்குது?" என்று தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் கணேசமூர்த்தி ஐயா ஒருநாள் நாகலெட்சுமியைக் கேட்டார். அவளோடு தேயிலை சலித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். காதுக்குள் கரப்பான் போயிருக்கும், தேங்காயெண்ணெய் விட்டுப் பாரு என்றாள் மீனம்மா. நாகலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுத்து இழுத்து விடுவது போல.

சத்தம் வந்தது ஸ்டோர் என்ற அந்தத் தொழிற்சாலையின் பின்கோடியில் இருந்த கம்பிக் கூண்டிலிருந்து. ஆற்றோரத்தில் கரண்டு எடுக்கும் டர்பைனிலிருந்து மலைச்சரிவில் வாய்க்கால் போலக் கான் வெட்டி, கற்பலகை மூடிக் கொண்டுவந்த கேபிள் அங்கேதான் தரையைக் கிழித்து மேலே வரும். கூண்டுச் சாவி அவளுடைய அப்பா வீரய்யாவிடம் மட்டுமே இருந்தது. இருபத்தைந்து வருடம் கொழுந்தை நசுக்கும் ரோலர் பக்கத்தில் நின்றதில் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்.

எண்ணெய்க் காகிதம் சுற்றிய பழைய கேபிளை எடுத்துவிட்டு, அறுபதாம் வருடம் இந்தப் பிளாஸ்டிக் கேபிளைப் போட்டார்கள். அதைப் பொருத்த வந்த கொழும்பு என்ஜினியர் சொன்னதை அப்பா ஒருமுறை வீட்டில் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலும், மேலே ஈர அழுக்கு ஒட்டினாலும், கரண்டு அதில் சின்னச் சின்னப் பொறியாகக் குதிக்குமாம். ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு துளி பிளாஸ்டிக்கைத் தின்னுமாம். தின்று முடித்த அன்று பக்கத்தில் எவனும் நிற்கக் கூடாதாம்.

அந்த அழுக்கை வைத்தது யாரென்று நாகலெட்சுமிக்குத் தெரியும்.

ஆயுத பூசையன்று டர்பைனை நிறுத்தி, ரோலருக்கும் சல்லடைக்கும் அடுப்புக்கும் சந்தனம் வைத்தார்கள். கூண்டுக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. பெண்பிள்ளைகள் அங்கே போகவே கூடாது. ஆனால் கதவு திறந்திருந்தது. மேல்தோல் உரித்த கேபிள் முனை, குளிப்பாட்டிய குழந்தையின் கழுத்து மாதிரி வெள்ளையாக நின்றது. அப்பாவுக்குச் சோறு போடுகிற சாமான் அதுதானே என்று, விபூதியும் சந்தனமும் குழைத்து மேலிருந்து கீழ்வரை அப்பிவிட்டு வந்தாள்.

மழை இறங்கிய வாரம் சத்தம் தொடங்கியது. பிறகு வாடை. இடி விழுந்த சவுக்கு மரத்தடியில் நிற்பது போல மூக்கின் உச்சியில் குத்தும் வாடை. வலை வழியாகப் பார்த்தாள். காய்ந்து வெடித்த சந்தனத்தினடியில் கறுப்பாக ஒரு கோடு, மயிர் கனம். மறுநாள் அது இரண்டாகப் பிரிந்திருந்தது. அதற்கடுத்த நாள் வேர் போலக் கிளைவிட்டு, எண்ண முடியவில்லை.

சொன்னால் அப்பாவின் வேலை போகும். வேலை போனால் லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போகும். சொல்லாவிட்டால், அந்த வேருக்கு ஒரு சாண் தள்ளியிருக்கும் மீட்டரைப் பார்க்கத் தினமும் முகத்தை உள்ளே நீட்டுவது அப்பாதான்.

அன்று நாலு மணிக்கே பனி ஸ்டோருக்குள் புகுந்து பல்புகளை மஞ்சள் கறைகளாக்கியிருந்தது. அப்பா கூண்டைத் திறந்து குனிந்தார். கேபிள் முனையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெளிச்சம், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத வெளிச்சம், அவர் காதுப்பக்கம் சாய்ந்தது. அவள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து அவரை வெளியே இழுத்தாள். வாயை மெதுவாக அசைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "அழுவாத. கேட்டா நான்தான் வச்சேன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

டர்பைனை நிறுத்தச் சொல்லி டீமேக்கரிடம் போனார். ரோலரில் கொழுந்து கிடக்கிறது, புளித்துப்போகும், நாளைக்குப் பார்க்கலாம் என்றுவிட்டார் அவர். அப்பா திரும்பி வந்து, யாரையும் கேட்காமல், டர்பைன் வரை போகும் மணிக்கம்பியை மூன்று தடவை இழுத்தார். கீழே டர்பைனைப் பார்த்துக்கொள்ளும் மூக்கன் தண்ணீரை அடைத்திருக்க வேண்டும். ரோலர்கள் முனகி நின்றன. பல்புகள் சிவந்து, அவிந்தன. மாடியில் டீமேக்கர் கத்துவது கேட்டது.

மிச்சக் கரண்டு மண்ணில் இறங்க, அப்பா முறைப்படி கேபிளைத் தரைக்கம்பியோடு பிணைத்தார். ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார். அது வழித்துக்கொண்டு வந்தது. வேர் வரவில்லை.

வேர் உள்ளே இருந்தது.

அப்போது அவளுக்குக் கேட்டது. அதே மூச்சு.

கரண்டு இல்லை. டர்பைன் இல்லை. சத்தம் இருந்தது.

வெள்ளைக்குள் ஒரு கறுப்பு நுனி நீண்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மெல்ல. விரல் மடக்கி நீட்டுவது போல.

அப்பா தலையைத் திருப்பினார். சத்தம் வந்த பக்கம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவோமே, அப்படி.

"அப்பா" என்று அலறினாள். அது அவருக்குக் கேட்கவில்லை.

கத்தரிப்பூ வெளிச்சம் கேபிளுக்குள் இறங்கியது. தரைக்கடியில் போனது. வெளியே, கானை மூடிய கற்பலகைகளின் இடுக்குகளில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சரிவில் கீழ்நோக்கி நகர்ந்தது.

அப்பாவின் கையிலிருந்து துணி விழுந்தது. அவளைத் தாண்டி நடந்தார். கையைப் பிடித்தாள். கை மரம் போல் இருந்தது. விட்டுவிட்டாள்.

வெளிச்சம் முன்னே. அவர் பின்னே. பனி அவருடைய முதுகை மூடியது. அவர் மிதித்துப்போன கற்பலகைகளில், ஈரத்தின் மேல், ஒவ்வொரு பாதத்தைச் சுற்றியும் கறுப்பு வேர்கள் கிளைவிட்டுக்கொண்டிருந்தன.