பதினான்காவது ரேகை

1986, அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை. காலை மணி 10.20.

புங்கமரத்துக்கொட்டாய் தொடக்கப் பள்ளியில் பாக்கியமேரி டீச்சரின் நல்ல பெயர் திருட்டுப் போயிருந்தது. நகை போனால் போலீசுக்குப் போகலாம். பெயர் போனால் யாரிடம் போய் எழுதிக் கொடுப்பது? எழுதி வாங்க வேண்டிய அதிகாரியே அவளை விசாரிக்கத்தான் வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

உதவிக் கல்வி அலுவலர் சிவப்பிரகாசம் ஒரு பழுப்பு உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். முதல் தாளில் இருந்ததை மட்டும் ஒருமுறை வாசித்தார். காலாண்டுத் தேர்வு நாட்களில் டீச்சர் பிள்ளைகளைப் பிரம்பால் விளாசினார், கேட்க வந்த பெற்றோரை வாய்க்கு வந்தபடி பேசினார், அவரை உடனே வேறு ஊருக்கு மாற்ற வேண்டும். தேதி, அக்டோபர் எட்டு.

"ரெண்டாவது தாள்ல இருபத்திரண்டு ரேகை இருக்கும்மா. எழுத்து எல்லாம் பிள்ளைங்க எழுத்து. அப்பா அம்மாவுக்குப் பிள்ளைங்களே பேர் எழுதிக் குடுத்திருக்கு."

"நான் ஒருதடவ பாக்கலாமா சார்?"

"விசாரணை முடியறவரைக்கும் காட்ட முடியாது. இந்த ரூமை விட்டு வெளிய போயி யார்கிட்டயும் பேசவும் கூடாது."

அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போக முடியாமல் அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டாள். கம்பி போட்ட ஒரே ஜன்னலுக்கு வெளியே பெற்றோர்கள் கும்பலாக நின்றார்கள். மாதம் ஒருநாள் அவள் வருந்தி அழைக்கும்போது பத்துப் பேரைச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்று அழைக்காமலே அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

புகார் உண்மை என்று ஆகிவிட்டால் வத்தல்மலைக்கு மாற்றுவார்கள் என்று ஆபீசில் பேச்சு. மலைக்குப் பஸ் கிடையாது. நல்லம்பள்ளியில் மாமியாரிடம் விட்டுவிட்டு வரும் எட்டு மாதக் குழந்தையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம்.

சிவப்பிரகாசம் அண்ணாந்து பார்த்தார். கூரையில் நாலைந்து ஓடுகள் உடைந்து வெயில் உள்ளே விழுந்தது.

"என்ன கோவிந்தன், கூரை இந்த லட்சணத்துல இருக்கு? ஆபீசுக்கு ஒரு மனு கூட வந்ததில்லையே?"

"எழுதணும்னுதான் இருக்கேன் சார்" என்றார் தலைமையாசிரியர் கோவிந்தன். வழக்கமாகப் பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர், அன்று அதிசயமாக ஒன்பதுக்கே வந்து மேஜையைத் துடைத்து வைத்திருந்தார். போன மாதப் பெற்றோர் கூட்டத்தில், இரண்டு பிள்ளைகளின் அம்மா தீர்த்தம்மாள் எழுந்து, "பெரிய வாத்தியாரு தெனம் எத்தன மணிக்கு வருவாரு?" என்று கேட்டுவிட்டாள். அன்று அவர் முகம் போன போக்கை ஊரே பார்த்தது.

ஆனால் பாக்கியமேரியின் சந்தேகமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கைகட்டி நின்ற மாயவன் மேல்தான். பத்து ஏக்கர் கடலைக்காட்டுக்காரர். இவள் கூட்டம் போட்டுப் பெற்றோரிடம் பேசப் பேச, கடலை பிடுங்க வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடம் வந்துவிட்டன. அவருக்குக் கோபம் இருக்காதா?

மணி 11.05. முதல் சாட்சி, மாது. இரண்டு பிள்ளைகளின் அப்பா. சிவப்பிரகாசம் தாளை மடித்து, ஒரே ஒரு ரேகை தெரியும்படி நீட்டினார்.

"இது உன் ரேகையா?"

"ஆமாங்க சார்."

"பேர் எழுதுனது யாரு?"

"எம் புள்ளைங்க."

"எங்க வெச்சு ரேகை வெச்ச?"

"இங்கத்தானுங்க, ஸ்கூல்ல."

"யாராச்சும் மெரட்டினாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. சந்தோசமாத்தான் வெச்சேன்."

பாக்கியமேரியால் நம்ப முடியவில்லை. மாது பொய் பேசுகிற ஆள் இல்லை. அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்.

"ஸ்கூல்லயேவா? டீச்சர் இருக்கிறப்ப எப்படி?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆறாம் தேதி டீச்சர் லீவு சார். அன்னைக்கு வந்திருப்பாங்க" என்று கோவிந்தன் மெதுவாகச் சொன்னார்.

சிவப்பிரகாசம் அடுத்த ஆளைக் கூப்பிடத் தாளைப் பார்த்தார். "அய்யந்துரை, பொன்னுசாமி, லட்சுமி, ரோசம்மாள், மாது... ரோசம்மாள வரச்சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியிலிருந்து தீர்த்தம்மாள் குரல் கொடுத்தாள். "அவ இங்க எங்கீங்க இருக்கா? மாதா திருவிழாவுக்கு வந்தா, திருவிழா முடிஞ்ச மக்காநாளே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டா. புள்ளைய அவ தங்கச்சி வூட்ல வுட்டிருக்கா. ஏனுங்க, கூரை ஓட்டுக்கு எழுதிக் குடுத்தமே, இன்னும் ஆளு வரலியே?"

"அதெல்லாம் அப்பறம் பேசலாம். சத்தம் போடாதீங்க" என்று கோவிந்தன் ஜன்னல் கதவை ஒருக்களித்தார்.

அதன்பின் வந்த நாலு சாட்சிகளும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். ரேகை என்னுடையது. பிள்ளைதான் எழுதியது. இங்கேதான் வைத்தேன்.

மணி 11.50. அதிகாரி கைகழுவப் போனார். கோவிந்தன் டீ டம்ளரை அவள் முன்னால் வைத்தார். ஒரு வெள்ளைத்தாளையும் வைத்தார்.

"எதுக்கு வம்பு டீச்சர்? தெரியாம நடந்துபோச்சுன்னு மன்னிப்பு எழுதிக் குடுத்திருங்க. தண்டனை இல்லாம வெறும் மாறுதலோட முடிச்சுடறேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் பேனாவைத் திறந்தாள். எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த அறையை விட்டாவது வெளியே போகலாம். உடைந்த ஓட்டின் வழியாக விழுந்த வெயில் சரியாக அந்தத் தாளின் மேல் வட்டமாகக் கிடந்தது.

அவள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். அய்யந்துரை, பொன்னுசாமி, லட்சுமி, ரோசம்மாள், மாது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் வேறு ஐந்து பெயர்கள் அவள் காதில் கேட்டன. தினமும் காலையில் அவளே கூப்பிடுகிற பெயர்கள்.

பேனாவை மூடினாள்.

மணி 12.10. சிவப்பிரகாசம் வந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்றாள்.

"சார், அந்தத் தாளை நான் பாக்கல. நீங்க அஞ்சு பேர்தான் படிச்சீங்க. மீதியில சிலத நான் சொல்லட்டுமா?"

"என்னம்மா விளையாடறீங்களா?"

"ஒம்பதாவது பேர் தீர்த்தம்மாள். பதினாலாவது பேர் மறுபடியும் மாது. பத்தொம்பதாவது மறுபடியும் தீர்த்தம்மாள்."

சிவப்பிரகாசம் விரலை வைத்து எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே ஆள் ரெண்டு தடவ வெச்சிருக்கறத நானும் பாத்தேன். விவரம் தெரியாத ஜனங்க, தப்பா வெச்சிருப்பாங்கன்னு விட்டுட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தப்பா வெக்கல சார். மாதுவுக்கு ரெண்டு பிள்ளைங்க. வேடி ரெண்டாம் வகுப்பு, சென்னம்மா அஞ்சாம் வகுப்பு. பெற்றோர் கூட்டத்துல ஒரு பிள்ளைக்கு ஒரு ரேகைன்னு நான்தான் பழக்கினேன். பிள்ளை முன்னால வந்து அப்பா பேர எழுதும். பக்கத்துல அவர் ரேகை வெப்பார். தம் பிள்ளை எழுதறத அன்னைக்குத்தான் அவங்க கண்ணால பாக்கறாங்க. அதனாலதான் மாது சந்தோசமா வெச்சேன்னு சொன்னார்."

"அப்ப இது..."

"புகார் எழுதி ஊருக்குள்ள ரேகை வாங்கியிருந்தா வீட்டு வரிசையில வாங்கியிருப்பாங்க. அய்யந்துரை வீடு மலையடியில. பொன்னுசாமி வீடு ஏரிக்கரையில. ரெண்டும் அடுத்தடுத்து வருதுன்னா, அது வருகைப் பதிவேட்டு வரிசை. இது என் பெற்றோர் கூட்டத் தாள் சார். மேல தலைப்பு இருந்த இடத்தக் கத்தரிச்சிருப்பாங்க. முதல் தாளோட வெச்சுப் பாருங்க, ஒரு விரக்கட குட்டையா இருக்கும்."

இருந்தது.

"ரோசம்மாள் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் வந்தாங்க. ஆகஸ்ட் இருபத்தொம்பது, மாதா கோயில் கொடியேத்தத்தன்னைக்கு. செப்டம்பர் எட்டுல திருவிழா முடிஞ்சுது, ஒம்பதாம் தேதி பெங்களூர் போயிட்டாங்க. காலாண்டுத் தேர்வு அதுக்கப்பறம்தான் நடந்துச்சு. நடக்காத தேர்வப் பத்தி அவங்க எப்படிப் புகார் குடுப்பாங்க?"

ஜன்னல் கதவை யாரோ வெளியிலிருந்து முழுசாகத் தள்ளித் திறந்தார்கள். மாயவனின் தலையும் உள்ளே எட்டிப் பார்த்தது.

"அந்த ஆகஸ்ட் தாள எடுத்தது யாரு?" என்றார் அதிகாரி. அவர் கண் மாயவன் பக்கம் போனது.

"நானும் அவரத்தான் நெனச்சேன் சார். ஆனா அவர் கைக்கு அந்தத் தாள் போக வழியே இல்ல. ஆகஸ்ட் கூட்டத்துல ஓடு மாத்தச் சொல்லி மனு எழுதினோம். வந்த இருபத்திரண்டு ரேகையும் அதோட பின் தாள். அத ஆபீசுல நேர்லயே குடுத்துடறேன்னு ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். குடுத்தாச்சுன்னும் சொன்னார். நீங்க காலையில வந்ததுமே, ஒரு மனு கூட வரலன்னு சொன்னீங்க. இன்னும் எழுதவே இல்லன்னு அவர் உங்ககிட்ட சொன்னார். அப்ப எனக்கு இருந்த பயத்துல அது காதுல ஏறல."

அவள் திரும்பிக் கோவிந்தனைப் பார்த்தாள். "மனுவ என்ன பண்ணீங்க சார்?"

கோவிந்தன் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். அதிகாரி அவரிடமிருந்து அலமாரிச் சாவியை வாங்கித் திறந்தார். கயிறு கோத்துக் கட்டியிருந்த கூட்டத் தாள்களில் ஜூன், ஜூலை, செப்டம்பர் இருந்தன. ஆகஸ்ட் இல்லை.

"கூட்டம் கூட்டம்னு கூட்டி இந்த ஜனங்களுக்கு வாய் குடுத்துட்டாங்க சார்" என்றார் கோவிந்தன் கடைசியில். "பஸ்ஸவிட்டு எறங்கறப்பவே மணி என்னன்னு கேக்கறாங்க. முப்பது வருச சர்வீசு எனக்கு. இன்னும் ஒண்ணரை வருசம். அது வரைக்கும் நிம்மதியா இருக்கக் கூடாதா?"

"என்னை அந்தப் பிள்ளைக்காரங்க கையாலயே தள்ளப் பாத்தீங்களே சார்" என்றாள் பாக்கியமேரி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை.

மாயவன் தொண்டையைக் கனைத்தார். "டீச்சரு, காலையில இருந்து என்னத்தான் மொறச்சிட்டிருந்தீங்க, இல்ல?"

"ஆமாங்க."

"மொறைக்க வேண்டிய ஆளுதான். ஆனா இதுக்கில்ல."

மணி 12.50. சிவப்பிரகாசம் ஒரு புதுத்தாளில் நடந்ததையெல்லாம் வாக்குமூலமாக எழுதி முடித்தார். மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினார். "மாது, இங்க வா. ரேகை வை."

மாது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். போன தடவ வெச்ச ரேகை எங்க போயி நின்னுச்சுன்னு பாத்தீங்கல்ல? எம் புள்ள படிச்சுக் காட்டட்டும். அப்பறம் வெக்கறேன்."

சென்னம்மா வந்தாள். அதிகாரியின் கிறுக்கல் எழுத்தை எழுத்துக்கூட்டி, ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். அந்த இரண்டு இடத்திலும் சிவப்பிரகாசம் தலையைக் குனிந்து எழுத்தைத் திருத்தினார்.

"நாம சொன்னதுதான் இருக்கா கண்ணு?"

"ஆமாப்பா."

மாது பெருவிரலை மையில் அழுத்தி எடுத்தார். தாளுக்கு மேலே கையை நிறுத்திக்கொண்டு பாக்கியமேரியைப் பார்த்தார்.

"டீச்சரு, இதுக்கு ஒண்ணு போதுங்களா? இல்ல, ரெண்டு புள்ளைக்கும் ரெண்டு வெக்கணுமா?"

காலையிலிருந்து முதல்முறையாக அவள் சிரித்தாள்.