கருகிய கடைசி எழுத்து

லோலியஸ் உள்ளே நுழைந்த வேகத்தில் வாசலில் இருந்த வாளி உருண்டது. நூக்கேரியா என்ற அந்த ரோமானிய ஊரில் அவரைவிடப் பெரிய தோட்டம் யாருக்கும் இல்லை; அவரைவிடப் பெரிய கோபமும் இல்லை.

"எவனோ என் பேரையே கொன்னுட்டான், அஃப்ரானியஸ்!"

நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அஃப்ரானியஸ் பாதிச் சவரத்தோடு திரும்பினார். ஊரில் எது களவு போனாலும் அவரிடம்தான் வருவார்கள். சவரம் செய்துகொண்டிருந்த நாவிதன் ருஃபியோவுக்குக் கத்தியைவிடக் காது கூர்மை. அஃப்ரானியஸ் துப்புத் துலக்கப் போகும் இடமெல்லாம் அவனும் கூடவே ஒட்டிக்கொள்வான்.

விஷயம் இதுதான். லோலியஸ் தன் பெயரின் ஏழு லத்தீன் எழுத்துகளையும் பசும்புதர்களாக வளர்த்துக் கத்தரித்து வைத்திருந்தார். அதில் கடைசி எழுத்து கருகிவிட்டது.

"தோட்டக்காரன் தாமாதான் விஷம் வெச்சிருக்கான். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான். பொழுது சாயறதுக்குள்ள உண்மை வரலேன்னா, அவனைச் சுரங்கத்துக்கு வித்துடுவேன்."

சுரங்கத்துக்குப் போன அடிமை எவனும் திரும்பி வந்ததில்லை. அஃப்ரானியஸ் மறுபாதிச் சவரத்துக்குக் காத்திருக்கவில்லை.

தோட்டத்தில் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று வேலி தாண்டி வந்திருந்தது. பச்சைத் தழை அவ்வளவு இருந்தும் அதைத் தொடாமல், கருகிய புதரின் அடியில் மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அங்கே சில கோதுமை மணிகளும் காம்பில்லாத வயலட் பூக்களும் சிதறிக் கிடந்தன.

ருஃபியோ அதற்குள் சமையற்கட்டுக்குப் போய் வந்துவிட்டான். "அண்ணே, சமையல்காரன் புலம்பறான். மாசம் ஒரு ஜாடி உப்பு போதுமாம். இப்ப மூணு ஜாடியும் பத்தலையாம். அவன்தானா கொலைகாரன்?"

"உனக்கு யாரைப் பார்த்தாலும் கொலைகாரன்தான். சும்மா இரு."

அஃப்ரானியஸ் தன் அளவுகோலின் இரும்பு முனையைப் புதரைச் சுற்றிப் பல இடங்களில் குத்திப் பார்த்தார். பிறகு தாமா எங்கே என்று கேட்டார்.

தாமாவைக் கொட்டகையில் கட்டிப்போட்டிருந்தார்கள். ஐம்பது வயது, கத்தரி பிடித்துக் காய்ப்பேறிய கை.

"கோதுமை, உப்பு, உதிரிப் பூ. செத்தவங்களுக்குப் படைக்கிறது," என்றார் அஃப்ரானியஸ் மெதுவாக. "அப்போ அந்தப் புதருக்கு அடியில யாரோ இருக்காங்கன்னு ஒருத்தர் நம்பறாங்க. ஆனா நான் முப்பது வருஷம் மண்ணை அளந்தவன். தோண்டின மண்ணு எது, தோண்டாத மண்ணு எதுன்னு எனக்குத் தெரியும். அங்க வேர் ஒண்ணுகூட அறுபடல. கீழே யாருமே இல்ல, தாமா. இங்க குழி தோண்டறவன் நீ ஒருத்தன்தான்; இருக்காங்கன்னு யார்கிட்ட சொன்னே?"

தாமா உடைந்து அழுதான்.

"எட்டு மாசம் முந்தி எஜமானி அம்மாவுக்கு ரெண்டாவதும் பொண்ணு பிறந்துச்சுங்க. தரையில வெச்சாங்க. எஜமான் தூக்கல. அப்பன் தூக்கி ஏத்துக்காத பிள்ளைய வீட்டுல வெச்சுக்க முடியுமா? என்கிட்ட குடுத்து, ஊர்க்குப்பையில விட்டுட்டு வரச் சொன்னாரு. விட்டுட்டேன்யா. மனசு கேக்காம மறுநாள் விடியறப்போ ஓடினேன். துணி மட்டும் கிடந்துச்சு. நாயோ, ஆள்பிடிக்கிறவனோ... அம்மா தினமும் என் காலைப் பிடிச்சு, எங்கடா என் குழந்தைன்னு கேட்டாங்க. என் கையிலயே செத்துப்போச்சு, நீங்க தினமும் பார்க்கிற அந்தக் கடைசிப் புதருக்கு அடியில புதைச்சுட்டேன்னு சொல்லிட்டேன்."

ருஃபியோ குனிந்து தாமாவின் கட்டை அவிழ்த்தான்.

அஃப்ரானியஸ் எல்லோரையும் புதருக்கு முன்னால் வரச் சொன்னார். லோலியஸ், அவர் மனைவி ஃபாடில்லா, சமையல்காரன், கட்டவிழ்த்த தாமா.

"விஷமில்ல. உப்பு," என்றார். "ஆடு மண்ணை நக்குது, பாருங்க. வருஷா வருஷம் பிப்ரவரியில வழக்கப்படி செத்தவங்களுக்கு ஒரு சிட்டிகை படைச்சா எந்தச் செடியும் சாகாது. இங்க மாசக்கணக்கா கொட்டியிருக்காங்க."

"இவனா?" என்று லோலியஸ் தாமாவிடம் பாய்ந்தார்.

"நான்தான்," என்றாள் ஃபாடில்லா. "அவனை விடுங்க. நீங்க தூக்காத உங்க பொண்ணு இதுக்கு அடியில கிடக்கா. நான்தான் தினமும் அவளுக்குச் சோறு போட்டேன்."

"தினமும் எதுக்கும்மா? வழக்கம் அப்படி இல்லையே," என்று சமையல்காரன் தன்னையறியாமல் கேட்டுவிட்டான்.

"பெத்த பிள்ளைக்கு யாராவது வருஷத்துக்கு ஒரு தடவை சோறு போடுவாங்களா?"

லோலியஸின் முகம் வெளுத்தது. அவர் மனைவியைப் பார்த்தார், தாமாவைப் பார்த்தார், பிறகு கீழே உட்கார்ந்துவிட்டார். சுரங்கம் என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

"இந்தப் புதரைப் பிடுங்கிடுங்க. அவளை எங்க குடும்பக் கல்லறையில வைக்கலாம்," என்றார். "மண்வெட்டி எடு, தாமா."

தாமா மண்வெட்டியைக் கொண்டுவந்து, மண்ணில் வைக்காமல் நின்றான். தோண்டினால் ஒன்றும் கிடைக்காது. ஃபாடில்லா குப்பைமேட்டுக்கு ஓடுவாள், இல்லாத குழந்தையை ஆயுள் முழுக்கத் தேடுவாள்.

அஃப்ரானியஸ் மண்வெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். முப்பது வருடத்தில் ஓர் எல்லைக்கல்லைக்கூட அவர் பொய்யாகக் காட்டியதில்லை.

"பல்லுகூட முளைக்காத பிஞ்சும்மா. எலும்புன்னு எதுவும் மிஞ்சியிருக்காது. எல்லாம் மண்ணா ஆயிருக்கும். ஒரு பானை கொண்டாங்க."

வேரோடு வேராக இறுகிக் கிடந்த மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, பானையில் நிரப்பினார். ஃபாடில்லாவை நிமிர்ந்து பார்க்கவில்லை; குனிந்தே இருந்தார்.

ஃபாடில்லா பானையை இடுப்பில் வாங்கி, மற்றொரு கையால் அதன் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

"இதுல இருக்கிறது முழுசும் அவதானே?"

"முழுசும் அவதாம்மா," என்றார் அஃப்ரானியஸ்.