உறைமுதுகு

கப்பல்துறையில் வெயில் ஏறுமுன்னே காற்றாலைக்காரர்கள் இரண்டிரண்டு பேராக நின்று ஒருவர் முதுகை ஒருவர் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினா தன் இணை ராஜகனியைக் குதிகாலால் நடக்கச் சொன்னாள். அவன் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நாலு எட்டு வைத்தான்.

“கம்பிய விட்டுட்டு நட.”

“லாஞ்சு கெளம்புது யக்கா. தெனமும் பாக்குற முதுகுதானே?”

லாஞ்சு ஊதியது. அவள் அரைமனதாகத் தலையசைத்தாள். இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

மன்னார் வளைகுடாவில் காற்றாலைகள் காடாக எழுந்த பிறகு, அவற்றில் ஏறி இறங்கியே பாதித் தூத்துக்குடிக்கு முதுகு தேய்ந்துபோயிருந்தது. குளிரூசி வந்துதான் அவர்களைக் காப்பாற்றியது. வெட்டு இல்லை, தையல் இல்லை. முதுகெலும்பின் ஓரமாக மெல்லிய ஊசியை இறக்கி, அதன் முனையில் மிளகளவு பனியைத் திரளவிடுவார்கள். வலியைச் சுமக்கும் நரம்பிழைகள் உறைந்து வாயடைத்துப்போகும். கைகாலை அசைக்கும் நரம்புகளை அந்தக் குளிர் தீண்டாது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். சில மாதங்களில் இழைகள் மறுபடி துளிர்க்கும். அதற்குள் அடுத்த ஊசி.

ஆனால் வலிக்காத முதுகு, உடைந்தாலும் சொல்லாது. எலும்பு நொறுங்கியது தெரியாமல் சிரித்துப் பேசிக்கொண்டே ஏறியவர்கள், பாதிக் கோபுரத்தில் கால் செத்து விழுந்தார்கள். படமெடுக்கும் கருவி நேற்றைய முதுகைத்தான் காட்டும். அதனால் சட்டம் வந்தது: தினமும் முதுகைச் சோதிக்க ஓர் இணை இல்லாதவருக்கு ஊசி இல்லை. இணை ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் சொன்னால் அன்றோடு ஏற்றம் நின்றது. இழைகள் விழித்து, வலி வந்து, அது என்ன சொல்கிறதென்று மருத்துவர்கள் கேட்கும்வரை ஊசியும் இல்லை. அப்படிக் கரைக்குப் போனவர் எவரும் திரும்பி ஏறியதில்லை. ஆகவே அந்தச் சொல்லை யாரும் லேசில் சொல்வதில்லை.

லாஞ்சு கடலுக்குள் வந்ததும் ராஜகனி தண்ணீர் குடிக்க எழுந்து போனான். அவனுடைய வலது பூட்ஸ் பலகையில் சத்தமில்லாமல் இறங்கியது. இடது பூட்ஸ் மட்டும் ‘பட்’ என்று அறைந்தது. முன்பாதத்தைத் தூக்க முடியாத கால்தான் அப்படி அறையும்.

“எத்தன நாளா இப்படி?”

“எப்படி?”

“ராஜகனி, எங்கிட்டயா?”

அவன் குனிந்து அவள் காதோரம் பேசினான். “அடுத்த மாசம் ஆழ்கடல் காத்தால வரிசைக்கு நாந்தான் தலைவன். அதுக்குப் பொறவு ஏற வேண்டாம், கீழ நின்னு ஏவுனாப் போதும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. ஒன் தம்பியா இருந்தா சொல்லுவியா?”

அதற்குள் கோபுரம் வந்துவிட்டது. அலை லாஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ராஜகனி காப்புக் கயிற்றை பெல்ட்டில் கொளுவிக்கொண்டு ஏணிக்குத் தாவினான்.

“ராஜகனி, வேண்டாம்!”

சொல் வெளியே வந்துவிட்டது. லாஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவன் காது கேளாதவன்போல விறுவிறுவென்று ஏறினான். பிலோமினா மணிக்கட்டுப் பட்டையில், இணையின் கயிற்றை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கயிறு இறுகியது. அலைகளுக்கு மேலே அவன் அப்படியே நின்றுபோனான்.

“விடுட்டி! ஒனக்குக் கிறுக்கா?” இத்தனை வருடத்தில் அவன் அவளை ‘டி’ போட்டது அதுதான் முதல் தடவை.

“கீழ எறங்கு.”

“எனக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு காலையும் ஊணித்தானே நிக்கேன்!”

“ஒன் எடது காலப் பாரு.”

“என்னத்தப் பாக்க?”

“பாருல!”

அவன் குனிந்தான். இடது கால் படியில் இல்லை. காயப்போட்ட துணிபோலக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவன் கத்தவில்லை. ஏணியோடு முகத்தை ஒட்டிக்கொண்டான். லாஞ்சில் இருந்தவர்கள் அவனைத் தாங்கிக் கீழே இறக்கினார்கள். பிலோமினா தோளைத் தொட்டதும் அந்தக் கையை மட்டும் தட்டிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, இடுப்புப் பக்க முதுகெலும்பு ஒன்று உடைந்து நரம்பின்மேல் அமர்ந்திருந்தது. “அந்த ஏணியில ஒரு தடவ வழுக்கியிருந்தாலும் ரெண்டு காலும் போயிருக்கும்” என்றார் அறுவை செய்த மருத்துவர். ராஜகனிக்குக் கால் மெல்லத் திரும்பியது. கூடவே வலியும் வந்தது. மறுவாழ்வுக் கூடத்தில் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். பிலோமினா ஞாயிறுதோறும் பூசை முடிந்து போவாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவள் சற்றுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவாள்.

துறையிலும் அவளிடம் யாரும் முதுகைக் காட்டவில்லை. ‘வேண்டாம்’ சொன்னவளை எவர் இணையாகச் சேர்ப்பார்? கண்காணிப்பாளர் மூன்று பேரைக் கேட்டுப் பார்த்தார். மூவரும் வேறு பக்கம் பார்த்தார்கள். இணை இல்லாததால் அவளுடைய ஊசி நாள் ஊசி போடாமலே கடந்துபோனது. அவளைக் கரையில் கயிறு சுருட்டும் வேலைக்கு மாற்றினார்கள். முதுகுக்குள் ஏதோ விழிக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டே தினமும் எழுந்தாள். குனிவதற்குக்கூடப் பயமாக இருந்தது. எது நோவு, எது வெறும் அசதி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு ஞாயிறு, வழக்கம்போல அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கிளம்ப நாற்காலியிலிருந்து எழுந்தாள். இடுப்பில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகியதுபோல இருந்தது. “ஆண்டவரே!” என்று அலறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. உடைந்துவிட்டதா, இல்லை இதுதான் அவளுடைய சொந்த முதுகா? அவளுக்குத் தெரியவில்லை.

கம்பிகளுக்கு நடுவே நின்றிருந்த ராஜகனி திரும்பி அவளைப் பார்த்தான்.

“வலி வந்துட்டா?”

“வந்துட்டு.”

அவன் கம்பியை விட்டு, காலை இழுத்து இழுத்து நடந்துவந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அவளுக்கு இடம்விட்டுத் தள்ளி அமர்ந்தான்.

“உக்காருக்கா. மூச்சப் புடிக்காத, விடு. மொத நாளு உயிரே போற மாதிரிதான் இருக்கும்.”