இடது சிறகில் ஒரு காயம்

மழைக்கு ஒதுங்கியதாகத்தான் அவள் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். நம்பாதீர்கள். குடையை விரித்துக்கொண்டு இரண்டு தெரு நடந்து, தேடிப்பிடித்துத்தான் அந்தப் பொம்மைக் கடைக்குள் நுழைந்தாள்.

பட்டறையில் அவளுக்கு மெழுகுராணி என்று பெயர். பொம்மைக் கம்பெனியில் ஒவ்வொரு பொம்மைக்கும் முதல் உருவத்தை மெழுகில் செதுக்குகிறவள். அதை வைத்துத்தான் அச்சு எடுப்பார்கள். அவள் செதுக்கிய சிறகன் அந்த வாரம்தான் கடைக்கு வந்திருந்தான். சிறகன் யார் என்று கேட்பவர்கள் வீட்டில் குழந்தைகள் இல்லையென்று அர்த்தம். கழுகுச் சிறகும் கையில் வாளுமாக, வாரம் தவறாமல் மலைக்கோட்டையைக் காப்பாற்றும் கார்ட்டூன் வீரன். ஒரு சிறகில் மட்டும் பழைய போர்க்காயம்... மூன்று இறகு அறுந்த வெட்டு. அதுதான் அவனுக்கு அழகே.

அலமாரியில் கடைசியாக ஒரே ஒரு பெட்டி இருந்தது. கை நீட்டினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கையும் நீண்டது.

நிமிர்ந்தாள். நனைந்த முடி, நெற்றியில் வழுக்கிக்கொண்டிருந்த ஒரு துளி, அதற்குக் கீழே... சரி, கண்கள்தான். அரைத்தூக்கத்தில் இருப்பது போல் தோன்றினாலும் எதையும் விடாமல் அளவெடுக்கும் கண்கள். அவள் பிடி ஒரு நொடி தளர்ந்தது உண்மை. அவனே வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துக்கொண்டான்.

"நீங்களே எடுத்துக்குங்க. நான் பாக்கத்தான் வந்தேன்... காயத்தத் தப்பான சிறகுல வெச்சிருக்காங்க. செஞ்ச ஆளு தூங்கி வழிஞ்சிருப்பாங்க போல."

அவளுக்குக் காதுமடல் சூடேறியது.

"செஞ்ச ஆளு நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. படம் வரையிறவருக்குத்தான் சோத்தாங்கை எதுன்னு தெரியல."

அவன் விறுக்கென்று திரும்பி, மழையிலேயே இறங்கி நடந்தான். தெருமுனையில் அவன் மறையும் வரை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபத்தில் பார்த்தாளாம். நாமும் கோபம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு வாரத்துக்குள் குழந்தைகளிடமிருந்து கடிதம் மேல் கடிதமாக வந்து விழுந்தது. கார்ட்டூனில் காயம் வலது சிறகில், பொம்மையில் இடது சிறகில்... இவன் போலிச் சிறகன், எங்களுக்கு நிஜச் சிறகன் வேண்டும். கம்பெனியின் மேலாளர் அம்மாள் கடிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மெழுகுராணியையும் அழைத்துக்கொண்டு, கார்ட்டூன் வரையும் ஸ்டூடியோவுக்கே போய்விட்டார்.

அங்கே நீள மேசையின் தலைமாட்டில் நரைமீசையோடு ஸ்டூடியோ முதலாளி. பக்கத்தில் பென்சிலை உருட்டிக்கொண்டு... அவன். முதலாளியின் ஒரே மகன், சிறகனை வரைகிறவன். ஸ்டூடியோவில் அவன் முதுகுக்குப் பின்னால் குட்டி முதலாளி என்பார்கள். அவளைப் பார்த்ததும் பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

பெரியவர் நிதானமாகப் பேசினார். இருபத்தைந்து வருடமாக இந்தக் கட்டடத்திலிருந்து ஒரு கோடு தப்பாக வெளியே போனதில்லை என்றார். பொம்மைக்காகக் கொடுத்த மாதிரித் தாளில் காயம் வலப்பக்கம்தான் இருந்திருக்கும் என்றார். அச்சு வேலையில் எல்லாமே தலைகீழ், இடம் வலமாகும், பாவம் பெண்ணுக்குக் கண் குழம்பியிருக்கும் என்று இரக்கம் வேறு பட்டார். அந்த இரக்கம்தான் அவளைச் சுட்டது.

தாளில் இடப்பக்கம்தான் இருந்தது என்றாள். தாள் எங்கே என்றார்கள். வேலை முடிந்ததும் ஸ்டூடியோவுக்கே திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம், கொடுத்துவிட்டாள். மேலாளர் அம்மாள் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் மீதிக் கதை இருந்தது. அடுத்து சிறகனின் ஆறு தோழர்கள் செதுக்கப்பட வேண்டும். தப்பு அவளுடையது என்று ஆனால் அந்த ஆறு பேரும் வேறு கைக்குப் போவார்கள். அவள் பழையபடி பொம்மைகளுக்குக் கண் வரையும் வரிசையில் போய் உட்கார வேண்டியதுதான். அந்த வரிசையிலிருந்து எழுந்து வர அவளுக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது.

அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தான். கிடைத்த பிறகும் தேடினான்.

டீ வந்தது. அவள் கோப்பையோடு ஜன்னலோரம் போய் நின்றாள். வெளியே தூறல். பின்னால் வந்து நின்றவன் தொண்டையைச் செருமினான்.

"நீங்க சொன்னதுதான் சரி... தாள்ல இடப்பக்கம்தான். அன்னிக்குக் கடையில நீங்க சொன்னதுல ரோஷம் வந்து, போய்ப் பழைய தாளத் தேடி எடுத்துப் பாத்தேன்."

பிறகு மென்று மென்று மிச்சத்தையும் சொன்னான். கார்ட்டூன் தொடங்கிய ஆறாவது வாரம் நேரம் போதவில்லை. சிறகன் எதிர்த்திசையில் பறக்க வேண்டும். புதிதாக வரையச் சோம்பல்பட்டு, பழைய படத்தைத் திருப்பிப் போட்டு, கீழே விளக்கெரியும் மேசையில் வைத்துப் பிரதி எடுத்துவிட்டான். தாள் திரும்பியதில் காயமும் வலப்பக்கம் போய்விட்டது. மற்றவர்கள் அதைப் பார்த்தே வரைந்தார்கள். நாற்பது வாரம் ஓடியதில் அவனுக்கே வலப்பக்கம்தான் சரி என்று மனதில் பதிந்துவிட்டது.

"அடுத்த தொடர எங்கிட்ட குடுக்கிறதா அப்பா சொல்லியிருக்காரு. அவருகிட்ட ஒரு தப்பக்கூட நான் ஒத்துக்கிட்டதில்ல..."

கெஞ்சினால் கரைந்திருப்பான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் கெஞ்சவில்லை. பிடிவாதத்தில் அவள் அம்மாவையே தோற்கடித்தவள்.

"நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் காயம் இடப்பக்கம்தாங்க. அத மாத்த உங்க அப்பாவாலயும் முடியாது."

கோப்பையை வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் அவன் வந்தான். கையில் மஞ்சளேறிய ஒரு தாள். மேசையில் விரித்துவிட்டு, உட்காராமல் நின்றான்.

"அப்பா, தப்பு என்னோடது. அவங்க தாள்ல இருந்தத அப்படியே செஞ்சிருக்காங்க. படத்தத் திருப்பிப் போட்டவன் நான்."

பெரியவர் கண்ணாடியை மாட்டினார். தாளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். மீசை இரண்டு தடவை துடித்தது. பிறகு எழுந்து அவள் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கம்மா. உன் கைதான் சரியான கை."

மற்றதெல்லாம் மளமளவென்று முடிந்தது. பொம்மை இருக்கிறபடியே இருக்கும். கார்ட்டூன்தான் திருந்த வேண்டும். அடுத்த தொடர் இப்போதைக்குக் கிடையாது, நாற்பது வாரப் படத்தையும் மகனே உட்கார்ந்து திருத்த வேண்டும், ஒவ்வொன்றையும் இந்தப் பெண் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்று பெரியவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். ஆறு தோழர்களும் அவளுக்கே என்றார் மேலாளர் அம்மாள். வாசலைத் தாண்டும்போது அவள் கால் தரையில் பட்டதாக யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அவன் வரைவான், இவள் குற்றம் கண்டுபிடிப்பாள். இறகு கோணல் என்பாள், அவன் அழிப்பான். முன்னாலேயே நன்றாயிருந்தது என்பாள், மறுபடி வரைவான். இரண்டாவது வாரம் ஜன்னலோரம் இவளுக்கென்று ஒரு நாற்காலி வந்தது. மூன்றாவது வாரம் அதன் மேல் மெத்தை வந்தது. இதையெல்லாம் ஸ்டூடியோவில் யாருமே கவனிக்கவில்லை... இருபது பேர் பென்சில் சீவுகிற சாக்கில் எழுந்து எழுந்து பார்த்ததைத் தவிர.

கடைசிப் படத்தின் கடைசி இறகு முடிந்த அன்றைக்கு அவன் பென்சிலைக் கீழே வைக்கவே இல்லை. வைத்தால் வேலை முடிந்துவிடும். நாளைக்கு அந்த நாற்காலி காலி.

தாளைப் பார்த்தபடியே ஆரம்பித்தான். நாளைக்கு... வந்து... உங்களுக்கு வேற வேலை ஏதும்... என்று இழுத்தான். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி தப்பு என்னோடதுன்னு நின்னீங்களே, அப்பவே எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. இப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல இத்தன தவிப்பா?"

அவன் அவளைப் பார்த்தான். அரைத்தூக்கக் கண்கள் முழுசாக விழித்துக்கொண்டன. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். இருபது பென்சில்களும் நின்றன. கண்ணாடி அறைக்குள் பெரியவர் பேனாவை மூடினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்கு இவங்களப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசையா இருக்கு. இவங்க சரின்னா... அப்பா, உங்ககிட்டயும்தான் சொல்றேன்."

பெரியவர் கதவைத் திறந்து வந்து நின்றார். மகனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். அன்றைக்கு மாதிரியே, தீர்ப்பு அவள் கையில் என்பது போல.

அவளுக்கு முகமெல்லாம் சிவந்து போயிருந்தது. வெட்கம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் எழுந்தாள், அவன் பக்கத்தில் போய் நின்றாள், கடைசி மேசைக்காரருக்கும் கேட்கிற மாதிரி அவனைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

"எனக்கும் இவரப் பிடிச்சிருக்கு."

யார் முதலில் பென்சிலால் மேசையைத் தட்டினார்கள் என்று இன்றுவரை தகராறு இருக்கிறது. பெரியவர்தான் என்கிறார்கள் பாதிப்பேர். தட்டிய தட்டில் எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.